இரட்டைப்படையில் மட்டும் அச்சிடுக

அந்த அச்சு இயந்திரம் தன் முதல் அச்சுப் படியை எடுத்த வியாழக்கிழமை முற்பகலில், வெள்ளோடைப்பட்டினத்துப் பழைய உப்புக் கிடங்கில் இருந்தவர்கள் நால்வர்: செப்புத் தட்டில் உளிகொண்டு படம் செதுக்குவதில் முப்பது ஆண்டு பழகி, அண்மையில் பக்கவாதத்தால் வலக்கை விழுந்துபோன பிலோமினா கொரைரா, உப்பளத்துத் தண்ணீர்ப் பம்புகளைப் பதினாறு ஆண்டு பழுது பார்த்தவரும், செதுக்கோவியச் சங்கத்தில் ஒரு கோடுகூட வரையத் தெரியாத ஒரே உறுப்பினருமான பேச்சித்தாய், மேல்நிலைப் பள்ளி ஓவிய ஆசிரியர் ஞானதுரை, கிடங்கின் உரிமையாளரும், படம் என்றால் என்னவென்றே தமக்குத் தெரியாது என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்பவருமான செய்யது மீரான் மரைக்காயர். தாங்களும் அன்று அங்கே இருந்ததாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டவர்கள் நாற்பது பேருக்குக் குறையார். அவர்களில் ஒருவரும் அங்கே இல்லை.

இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கச் சங்கத்தார் ஏழு மாதம் எடுத்துக்கொண்டார்கள். முதலில் கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறைக்குப் போனார்கள். அங்கே நீல வண்ணம் பூசிய புதிய இயந்திரம் ஒன்று மோட்டாரோடு தயாராக நின்றது. பொத்தானை அழுத்தினால் இரும்புப் பலகை தானாக உருளைக்கு அடியில் போய் வந்தது. ஞானதுரைக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. பேச்சித்தாய் தம் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து உருளையின் நடுவில் ஒரு தட்டுத் தட்டினார். உருளை மணிபோல் ஒலித்தது.

"குழாய்," என்றார் பேச்சித்தாய். "உள்ள ஒண்ணுமில்ல. ஓரத்துல அழுத்தும், நடுவுல வளைஞ்சு குடுக்கும். படம் நடுவுல வெளிறிப்போவும்."

"கண்ணுக்குத் தெரியாத அளவுதானேம்மா?"

"கண்ணுக்குத் தெரியாத அளவைப் பாக்கத்தான சார் நீங்க படிச்சிருக்கீங்க."

அடுத்து சிவகாசியில், தீப்பெட்டிச் சீட்டுகள் அச்சடித்து ஓய்ந்த இயந்திரம் ஒன்றைப் பார்த்தார்கள். அது மேலிருந்து தட்டும் வகை. மேடிட்ட எழுத்துக்கு அப்படித் தட்டினால் போதும். செதுக்கிய செப்புத் தட்டிலோ மை கோடுகளின் பள்ளத்துக்குள் கிடக்கிறது, ஈரக் காகிதத்தைத் தட்டின் மேல் விரித்து, அதன்மேல் மூன்று மடிப்புக் கம்பளியைப் போர்த்தி, உருளைக்கும் இரும்புக்கும் நடுவே வைத்து நசுக்கினால்தான் காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு மேலே வரும். அதனால் அதையும் விட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

மூன்றாவது, தூத்துக்குடியில் பழைய இரும்பு வாங்கும் கிடங்கு ஒன்றில், நங்கூரச் சங்கிலிகளுக்குப் பின்னால், தார்ப்பாயின் அடியில் இருந்தது. எந்தக் கப்பலில் எந்தத் துறையிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கையால் சுற்றும் பெரிய சக்கரம், பல்சக்கரம் இரண்டு, இருபுறமும் அழுத்தத் திருகுகள், நான்கு விரற்கடைப் பருமனில் இரும்புப் பலகை. பேச்சித்தாய் உருளையைத் தட்டினார். மணல் மூட்டையைத் தட்டியதுபோல் ஓசை அங்கேயே அடங்கியது. செய்தித்தாளை இரண்டு கீற்றாகக் கிழித்து, உருளையின் இரு ஓரத்திலும் செருகி, திருகுகளைச் சம அளவில் இறக்கி, ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். இரண்டு கீற்றும் ஒரே பிடியாக நின்றன. உருளை உள்ளும் புறமும் ஒரே இரும்பு என்றும், அது கோணவில்லை என்றும், இனியும் கோணாது என்றும் அவர் அறிவித்தார்.

இயந்திரத்தின் இடுப்பில் செய்தவர் பெயரும் ஊரும் ஆண்டும் வார்த்த பித்தளைத் தகடு ஒன்று இருந்தது. பிலோமினா அதை உரக்க வாசித்தார். ஞானதுரை தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அந்த எழுத்துகள் முழுவதும் வலமிடமாகத் திரும்பியிருந்ததை இருவரும் கவனிக்கவில்லை. தட்டில் திருப்பி எழுதினால்தான் காகிதத்தில் நேராக வரும் என்று வாழ்நாளெல்லாம் பழகியவர்களுக்குத் திரும்பிய எழுத்தும் திரும்பாத எழுத்தும் ஒன்றுதான். கவனித்திருக்கக்கூடிய ஒரே மனிதர் மரைக்காயர். அவர் வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

உப்புக் காற்றுள்ள ஊரில் இரும்பை நிறுத்துவது எளிய காரியமன்று. கிடங்கின் தரையைத் தோண்டிக் கருங்கல் இறக்கி, அதன்மேல் இயந்திரத்தை ஏற்றி, பலகையின் நான்கு மூலையிலும் தண்ணீர்த் தட்டு வைத்து, சாய்ந்த காலுக்குத் தகடு கொடுத்து, தண்ணீர் எந்த மூலைக்கும் ஓடாமல் நின்ற பிறகே பேச்சித்தாய் சரி என்றார். அதன் பிறகுதான் அந்த வியாழக்கிழமை வந்தது.

முதல் தட்டு ஞானதுரையுடையது. கிடங்கின் மேல்மாடிச் சன்னலிலிருந்து வடக்கே பார்த்தால் தெரியும் கிடங்குத் தெருவை, கிழக்குச் சாரியும் மேற்குச் சாரியுமாக, வீடுகள், கடைகள், மின்கம்பங்கள், பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த உப்பு மூட்டை எடைபோடும் மிக்கேல் உட்பட அவர் செதுக்கியிருந்தார். காகிதத்தில் நேராக வரவேண்டும் என்பதற்காக எதிரே நிலைக்கண்ணாடி வைத்துத் திருப்பிச் செதுக்கியிருந்தார். அவர் வேலை அப்படிப்பட்ட வேலை. தட்டைச் சூடாக்கி மையிட்டு, கஞ்சி போட்ட வலைத்துணியால் துடைத்து, ஈரக் காகிதம் விரித்து, கம்பளி போர்த்தி, பேச்சித்தாய் சக்கரத்தைச் சுற்ற, பலகை உருளைக்கு அடியில் போய் மறுபுறம் வந்தது. காகிதத்தை உரித்தார்கள். படம் திரும்பாமல் தட்டில் இருந்தபடியே வந்திருந்தது: மருந்துக்கடை இருக்கவேண்டிய கிழக்குச் சாரியில் தையல் கடை, தையல் கடை இருக்கவேண்டிய மேற்குச் சாரியில் மருந்துக்கடை.

தாம் கண்ணாடியில் பிசகிவிட்டதாக நினைத்து ஞானதுரை மாடியேறிச் சன்னலைத் திறந்தார். தெருவும் படத்தில் இருந்தபடியே இருந்தது.

மற்ற மூவரும் மாடியேறி வந்து பார்த்தார்கள்.

"பள்ளிவாசல் படத்துல இருக்கா?" என்று கேட்டார் மரைக்காயர்.

"இல்ல. அந்தக் கோடிய தென்னைமரம் மறைச்சிருச்சு."

"அப்ப சரி," என்று அவர் கீழே இறங்கிப் போனார்.

அந்த இயந்திரம் படத்தைத் திருப்பவில்லை; படத்தில் இருந்ததைத் திருப்பியது. இரண்டாவது படி எடுத்தபோது காகிதத்தில் படம் நேராக வந்தது, தெருவும் பழையபடி நேராயிற்று. மூன்றாவதில் மீண்டும் திரும்பியது. ஞானதுரை திட்டமிட்டிருந்தவை இருபது படிகள். சங்கத்தில் ஒருமுறை அறிவித்த எண்ணிக்கையைக் குறைப்பது வழக்கமில்லை என்பதால் இருபதையும் எடுத்தார். பத்தாவது படிக்குள் கிடங்குத் தெருக்காரர்கள் வீட்டுச் சாமான்களைப் பிடித்துக்கொள்வதை விட்டுவிட்டுத் தெரு நடுவில் வந்து கைகட்டி நின்று வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள். பதினைந்தாவது படிக்கு மேல் வேடிக்கையும் அலுத்து, "சார், இன்னும் எத்தன இருக்கு? உலை வைக்கணும்," என்று ஒரு பெண் சன்னலைப் பார்த்துக் கேட்டார்.

ஏன் இப்படி நடக்கிறது என்று ஆராய்ந்தவர்கள் குறைவு. எப்படிச் சமாளிப்பது என்று ஆராய்ந்தவர்கள் அதிகம். பிறகு கேட்டவர்களுக்கு ஒவ்வொரு படியாக எடுத்துக் கொடுத்ததில் தெரு வாரக்கணக்கில் திரும்பி நின்றது; அப்போது கடைப் பலகைகளின் எழுத்தும் திரும்பியிருந்தது. பிள்ளைகள் அதை மூன்று நாளில் வாசிக்கப் பழகிக்கொண்டார்கள், பெரியவர்களுக்கு இரண்டு வாரம் ஆயிற்று, மின்வாரியத்திலிருந்து கணக்கெடுக்க வந்தவர் சட்டைப்பையில் சிறு கண்ணாடி ஒன்றை வைத்துக்கொண்டார். வீடும் கடையும் திரும்பினவே தவிர மனிதர்கள் திரும்பவில்லை, ஏனெனில் படத்தில் இருந்த மனிதர் மிக்கேல் ஒருவர்தான். அவர் மட்டும் தெருவோடு சேர்ந்து திரும்பினார்: வலப்பக்கம் வகிடெடுத்த தலை இடப்பக்க வகிடாயிற்று, வலது கைக் கடிகாரம் இடது கைக்குப் போயிற்று, ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் அவர் மார்பில் குழாயை வைத்து நெடுநேரம் தேடி, கடைசியில் வலப்பக்கத்தில் இதயத்தைக் கண்டுபிடித்து, அது ஒழுங்காக அடிக்கிறது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சண்டை வேறிடத்தில் மூண்டது. கிழக்குச் சாரி வீடுகள் மேற்குப் பார்த்தவை. கோடை முழுதும் பிற்பகல் வெயில் வாசல் வழியாக வந்து அடுக்களை வரை போய் உட்காரும். தெரு திரும்பியபோது அந்த வீடுகள் மேற்குச் சாரிக்குப் போய், கிழக்குப் பார்த்து, காலை வெயிலும் கடற்காற்றும் பெற்றன. இனி அடுத்த படி எடுக்கவே கூடாது என்று அவர்கள் மனுக் கொடுத்தார்கள். மற்றச் சாரிக்காரர்கள் உடனே எடுக்கவேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். பேரூராட்சி மூன்று முறை கூடியது. தை முதல் நாளிலிருந்து ஆனி முடிய தெரு இயல்பாக இருப்பது, ஆடி முதல் நாளிலிருந்து மார்கழி முடியத் திரும்பியிருப்பது, இந்த மாற்றங்களுக்காக ஆண்டுக்கு இரண்டு படிகள் பேரூராட்சித் தலைவர் முன்னிலையில் எடுப்பது என்று தீர்மானம் நிறைவேறியது. அந்தப் படிகளிலும் ஞானதுரை பென்சிலால் எண்ணிட்டுக் கையெழுத்திட்டார். அவை அலுவலகச் சுவரில் வரிசையாக மாட்டப்பட்டன.

"மொளங்கால் வலி எப்படி இருக்கு?" என்று மரைக்காயர் ஒருநாள் மிக்கேலைக் கேட்டார்.

"ஆறு மாசம் இந்தக் காலு, ஆறு மாசம் அந்தக் காலு," என்றார் மிக்கேல். "ரெண்டுக்கும் ஓய்வு கெடைக்குது."

எல்லாம் ஒழுங்குக்கு வந்திருந்த வேளையில் தவறு நேர்ந்தது. தொழில் தெரியாதவர் யாரும் அத்தகைய தவறைச் செய்திருக்க இயலாது. ஆவணி மாதம் சென்னையிலிருந்து கேட்டார்கள் என்று ஞானதுரை தெருத் தட்டில் பத்துப் படிகள் எடுத்தார். பத்து இரட்டைப்படை என்பதால் யாரும் மறுக்கவில்லை. பத்தும் முடிந்த பிறகு, செதுக்கோவியர்களிடையே உலகெங்கும் உள்ள வழக்கப்படி, கலைஞன் தனக்கென்று வைத்துக்கொள்ளும் படி ஒன்றை எடுத்தார். அந்தப் படிக்கு எண் கிடையாது. எந்தக் கணக்கிலும் அது சேராது. எண்ணில்லாத படியை எண்ண வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. காகிதத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட்டார். அன்று முகூர்த்த நாள். உடன்குடியிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார், சொல்லப்பட்டபடி இடக்கைப் பக்கம் நான்காவது வீட்டுக்குள் நுழைந்து, எதிரே நின்ற பெரியவருக்கு மாலை போட்டார்கள். அவர் எழுபது வயதில் தமக்கு ஒரு மரியாதை நடப்பதாக எண்ணி அதை ஏற்றுக்கொண்டு, எல்லோரையும் உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். முகூர்த்தம் தப்பவில்லை, ஆனால் மாலை திரும்பி வரவில்லை.

மறுநாள் பேச்சித்தாய் பன்னிரண்டாவது படியைத் தாமே எடுத்துத் தெருவை இருக்கவேண்டிய நிலைக்குக் கொண்டுவந்தார். பிறகு கிடங்கின் சுவரில் தாரால் எழுதிவைத்தார்: இரட்டைப்படையில் மட்டும் அச்சிடுக. தனக்கென்று எடுக்கும் படியும் எண்ணிக்கையில் சேரும்.

"எழுத்து நல்லாருக்கு," என்றார் ஞானதுரை.

"படிச்சாப் போதும் சார். ரசிக்க வேண்டாம்."

இயந்திரத்தைப் பேணுவது முழுவதும் பேச்சித்தாயின் பொறுப்பு. வேலை முடிந்ததும் இருபுறத் திருகையும் சம எண்ணிக்கையில் தளர்த்தி உருளையை மேலே எடுத்தார், ஏனெனில் இரவெல்லாம் உருளைக்கு அடியில் கிடக்கும் கம்பளி எழுந்திருப்பதில்லை. மூன்று கம்பளியையும் தனித்தனியாகக் கம்பியில் உலர்த்தினார், காகிதத்தின் பசை ஏறி விறைத்த கம்பளியை வெந்நீரில் முறுக்காமல் அலசினார். பலகையை மண்ணெண்ணெயால் துடைத்து, பிறகு எண்ணெயால் துடைத்து, உப்புக் காற்று வீசும் நாளில் மூன்று முறை துடைத்து, பல்சக்கரத்தின் பல் ஒவ்வொன்றுக்கும் கிரீஸ் வைத்து, தட்டு கொண்டுவருபவர் யாராயினும் விளிம்பை அரத்தால் சரித்துக்கொண்டு வந்தால் ஒழியத் திருப்பி அனுப்பினார், கூரான விளிம்பு கம்பளியை அறுத்துவிடும் என்பதால். தெருவைத் திருப்பும் இயந்திரம் என்று வெளியூரிலிருந்து பார்க்க வந்தவர்களிடம், இடது பக்கத் தாங்கியில் கொஞ்சம் தேய்மானம் இருக்கிறது, மற்றபடி நல்ல இயந்திரம் என்று மட்டும் சொன்னார்.

அந்த இயந்திரத்தை எந்தத் தட்டுக்காக வாங்கினார்களோ அந்தத் தட்டு இன்னும் முடிந்தபாடில்லை. அது பிலோமினாவுடையது. இரண்டடி உயரம், மூன்றரை அடி அகலம்; நடுப்பகலில் உப்பளத்து வரப்பில் கூடை சுமந்து வரிசையாக வரும் அறுபது பெண்கள். பக்கவாதம் வருமுன் முப்பத்திரண்டு பெண்களை முடித்திருந்தார். மீதி இருபத்தெட்டுப் பேர் மெல்லிய வரைகோடாக மட்டும் செம்பின்மேல் நின்றார்கள். வேலை முடியாத தட்டில் மையிட்டுச் சோதித்துப் பார்ப்பது அவருக்கு வழக்கமில்லை. கடைசிக் கோடு விழுமுன் படி எடுப்பவர்களை அவர் மதித்ததுமில்லை. ஆகையால் அந்த முப்பத்திரண்டு பேரையும் காகிதத்தில் யாரும் பார்த்ததில்லை, அவர் உட்பட. செம்பில் பார்த்தவர்கள், அவ்வளவு உறுதியான கோட்டை நாட்டில் வேறு யாரும் செதுக்குவதில்லை என்றார்கள். கொழும்பில் பங்குனி மாதம் நடக்கவிருந்த கண்காட்சிக்கு அந்தப் படத்தை அனுப்புவதாகச் சங்கம் ஒப்புக்கொண்டிருந்தது.

இரண்டு ஆண்டாகப் பிலோமினா இடக்கையைப் பழக்கினார். நாள்தோறும் நான்கு மணி நேரம் உதவாத செப்புத் துண்டுகளில் நேர்கோடும் வளைகோடும் இழுத்தார். கை உடன்பட்டது, ஆனால் கோடு நடுங்கியது; நின்று நின்று போயிற்று. ஞானதுரை மூன்று முறை, மிகுந்த மரியாதையோடு, மீதிப் பெண்களைத் தாம் செதுக்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். அவருடைய கோட்டில் பிழை இராது என்பதைப் பிலோமினாவும் அறிவார். பிழை இல்லாததைத் தவிர வேறு எதுவும் அதில் இராது என்பதையும் அறிவார். அதனால் மூன்று முறையும் பேச்சை மாற்றினார்.

மாசி மாதம் அவர் ஞானதுரையைக் கூப்பிட்டனுப்பினார்.

"மிக்கேலோட மொளங்கால் வலி பக்கம் மாறுது," என்றார். "என் கை ஏன் மாறக் கூடாது? என்னை வரைங்க சார். ஒரே ஒரு படி. சொத்தைக் கை இடப்பக்கம் போகட்டும், வலக்கை எனக்கு வேணும்."

"நெஞ்சும் பக்கம் மாறும்க்கா," என்றார் ஞானதுரை.

"மிக்கேல் நெஞ்சு ரெண்டு வருசமா போய்ப் போய் வருது. அவன் தூக்குற மூட்டையும் குறையல."

"கை வரலேன்னா?"

"வரலேன்னா தட்டை நீங்க எடுத்துக்கங்க. மிச்சத்தை நீங்களே முடிங்க. இது என் சொல்லு."

பேச்சித்தாய் சுவரிலிருந்த எழுத்தைக் கைகாட்டினார்.

"ரெண்டாவது படியும் எடுப்போம் பேச்சி," என்றார் பிலோமினா. "எப்பன்னு நான் சொல்லுதேன்."

ஞானதுரை ஒன்பது நாள் பிலோமினாவை எதிரே உட்காரவைத்துச் செதுக்கினார். தொங்கிய வலக்கை, அதன் மடங்கிய விரல்கள், இடக்கண்ணுக்குக் கீழிருந்த மச்சம், காதுத் தோட்டின் திருகாணி, ஒன்றும் விடுபடவில்லை. அவர் வாழ்க்கையில் செய்த மிகச் சிறந்த தட்டு அதுதான் என்பதில் ஐயமில்லை. அவ்வளவு கருத்தாக அவர் எதையும் செதுக்கியதில்லை. பத்தாம் நாள் காலை பத்து மணிக்கு அச்சிடுவது என்று முடிவாயிற்று. ஞானதுரை முதலிலேயே வந்து காத்திருந்தார். அவர் பக்கத்தில் மேசைமேல் காக்கித் துணிச் சுருள் ஒன்று இருந்தது. மரைக்காயர் அதன் முனையைத் தூக்கிப் பார்த்தார். ஒன்பது உளிகள், புதிதாகத் தீட்டப்பட்டு, எண்ணெய் பூசப்பட்டு இருந்தன.

"என்ன சார், பாக்க வந்தீங்களா, வேலைக்கி வந்தீங்களா?" என்றார் மரைக்காயர்.

ஞானதுரை சுருளைத் தம் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டார்.

பிலோமினா நாற்காலியில் உட்கார்ந்தார். பேச்சித்தாய் தட்டைச் சூடாக்கினார், மையிட்டார், துடைத்தார், காகிதத்தின் ஈரத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், கம்பளியை ஒவ்வொன்றாக நீவினார், திருகுகளை இருபுறமும் ஒரே அளவில் இறக்கினார், சக்கரத்தைச் சுற்றினார். பலகை மறுபுறம் வந்து நின்றபோது பிலோமினாவின் மச்சம் வலக்கண்ணுக்குக் கீழே இருந்தது. இடக்கை மடியில் சரிந்து விழுந்தது. வலக்கை எழுந்தது. அவர் அதை முகத்துக்கு நேரே கொண்டுவந்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார், நீட்டினார்.

"வலிக்குதாக்கா?" என்றார் பேச்சித்தாய்.

"இல்ல. சுவர்ல நீ எழுதுனது திரும்பித் தெரியுது. அவ்வளவுதான்."

ஒரு செப்புத் துண்டை எடுத்து மணல் பையின்மேல் வைத்து, உளியை வலது உள்ளங்கையில் பொருத்தி, கோடு இழுத்தார். மூன்று அங்குலம். கோடு நடுங்கியது, நின்று நின்று போயிற்று. இன்னொன்று இழுத்தார். அதுவும் அவ்வாறே. நேற்றுவரை இடக்கை இழுத்த கோட்டுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை, ஏனெனில் இது நேற்றுவரை இடக்கையாக இருந்த கைதான். இரண்டு ஆண்டுப் பழக்கத்தோடு அது பக்கம் மாறி வந்திருந்தது. முப்பது ஆண்டு செதுக்கிய கை தன் முப்பது ஆண்டையும் வைத்துக்கொண்டு இடப்பக்கத்தில் செத்துக் கிடந்தது.

நால்வரில் அதை முதலில் புரிந்துகொண்டவர் யார் என்று சொல்ல இயலாது. ஞானதுரைக்கு அது புதிதாகத் தெரிந்ததாக அவர் முகம் காட்டவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டார் பேச்சித்தாய்.

"நெனச்சேன்."

"எப்ப நெனச்சீங்க?"

"அவங்க கேட்ட அன்னைக்கே." பிறகு, "ஒருவேளை நான் நெனச்சது தப்பா இருக்கலாமில்ல," என்றார்.

"ஒன்பது நாளு அவங்களுக்கு எதுக்கவே உக்காந்திருந்தீங்க."

பிலோமினா கையை உயர்த்திப் பேச்சித்தாயை நிறுத்தினார். "சொன்ன சொல்லு சொன்னதுதான். தட்டை எடுத்து வை பேச்சி."

பேச்சித்தாயும் மரைக்காயரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பெரிய தட்டைச் சுவரோரத்திலிருந்து கொண்டுவந்து சன்னல் வெளிச்சத்தில் மேசைமேல் வைத்தார்கள். ஞானதுரை தம் சுருளைப் பிரித்தார்; ஒன்பதில் மெல்லியதைத் தேர்ந்து, கட்டைவிரல் நகத்தில் அதன் கூரைப் பார்த்தார். ஒப்படைக்குமுன் ஒருமுறை துடைத்துக் கொடுப்பது முறை என்பதால் பிலோமினா மெல்லிய துணியை எடுத்துக்கொண்டு தட்டின்மேல் குனிந்தார்.

குனிந்தவர் அப்படியே நின்றார். சுவரெழுத்து அவருக்குத் திரும்பித் தெரிந்ததுபோலவே தட்டும் திரும்பித் தெரிந்தது. செம்பில் திரும்பியிருப்பது காகிதத்தில் நேராக இருப்பது. ஆகவே மை இல்லாமல், காகிதம் இல்லாமல், உருளை நகராமல், அந்தப் படம் அச்சில் எப்படி வருமோ அப்படியே அவர்முன் கிடந்தது. கடைசிக் கோட்டுக்கு முன் பார்க்கமாட்டேன் என்று முப்பது ஆண்டாக மறுத்துவந்ததை அவர் பார்த்தார். முதல் பெண்ணைப் பார்த்தார். அடுத்தவளைப் பார்த்தார். துணியைக் கீழே வைத்துவிட்டு முப்பத்திரண்டு பேரையும் ஒருவர் விடாமல் பார்த்து முடித்தார். அதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

"ஒரே பொம்பள," என்றார்.

"என்னக்கா?" என்றார் ஞானதுரை.

"முப்பத்திரண்டு பேரு இல்ல சார். ஒரே பொம்பள முப்பத்திரண்டு தடவை. கழுத்து ஒரே மாதிரி. இடுப்பு ஒரே மாதிரி. கூடை ஒரே எடை. என் கைக்கு ஒருத்தியத்தான் தெரிஞ்சிருக்கு. நல்லாத் தெரிஞ்சிருக்கு."

"அதைத்தானக்கா எல்லாரும் உங்க நடைன்னு சொல்றாங்க? அதே நடையில நான் முடிச்சுக் குடுக்குறேன். வித்தியாசமே தெரியாது."

"அது தெரியும். உங்களால முடியும்."

மரைக்காயர் தட்டின்மேல் எட்டிப் பார்த்தார். தமக்குப் படம் தெரியாது என்று சொல்லிவிட்டு, "வெயில்ல உப்பு சொமக்குறவ இம்புட்டு நேரா நிக்க மாட்டா," என்றார்.

பிலோமினா நாற்காலியை மேசைப் பக்கம் இழுக்கச் சொன்னார். பேச்சித்தாய் இழுத்துப் போட்டார். அவர் உட்கார்ந்து, முப்பத்து மூன்றாவது பெண்ணின் வரைகோட்டுக்கு நேராக மணல் பையை நகர்த்தி, ஞானதுரையின் முன்னிருந்த உளிகளைத் தொடாமல் தம்முடைய உளியையே வலக்கையில் பொருத்திக்கொண்டார்.

"நான் சொல்லு குடுத்தேன் சார்," என்றார். "அதைத் திருப்பி வாங்கிக்குறேன். தட்டு உங்களுக்கு இல்ல."

"அக்கா, பங்குனிக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு."

"பங்குனிக்கு வேற எதையாவது அனுப்புங்க. உங்க தட்டையே அனுப்புங்க. என் மூஞ்சிய நல்லாத்தான் செதுக்கியிருக்கீங்க."

"சொன்ன சொல்லு சொன்னதுதான்னு இப்பத்தான சொன்னீங்க?"

"சொன்னேன். அப்ப நான் தட்டைப் பாக்கல."

ஞானதுரை பேச்சித்தாயைப் பார்த்தார். பேச்சித்தாய் கம்பளியை உருளையிலிருந்து உருவிக்கொண்டிருந்தார். மரைக்காயரைப் பார்த்தார், மரைக்காயர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காகிதம் ஈரமாத்தான் இருக்கு," என்றார் பேச்சித்தாய், பிலோமினாவிடம். "ரெண்டாவது படிய இப்பவே எடுத்துரட்டுமா? பழையபடி ஆயிருவீங்க."

"இருக்கட்டும். இந்தத் தட்டு முடியுற வரைக்கும் நான் இப்படியே இருக்கணும். இப்பத்தான் கண்ணுக்குத் தெரியுது."

"எத்தன நாளு ஆவும்?"

"இருபத்தெட்டுப் பேரு. ஆளுக்கு ஒரு மாசம் வச்சுக்கோ."

பேச்சித்தாய் விரல்விட்டு எண்ணினார். பிறகு தார்ச்சட்டியை எடுத்துச் சுவரிலிருந்த எழுத்துக்குக் கீழே ஒற்றைக் கோடு ஒன்று போட்டு, அதற்குப் பக்கத்தில் இன்னொரு கோட்டுக்கு இடம் விட்டார். பிலோமினா முதல் கோட்டை இழுத்தார். உளி செம்பில் நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது. முப்பத்து மூன்றாவது பெண்ணின் தோள், மற்ற முப்பத்திரண்டு தோள்களைவிட ஒரு விரல் தாழ்ந்து, கூடையின் பக்கமாகச் சாய்ந்தது. பிலோமினா அதைத் திருத்தவில்லை. செம்புச் சுருளை ஊதிவிட்டு அடுத்த கோட்டுக்குப் போனார்.

ஞானதுரை மெல்லிய உளியைத் துணியில் துடைத்தார். அதை அதற்குரிய இடத்தில் வைத்தார். ஒன்பதையும் சரிபார்த்துச் சுருட்டி நாடாவால் கட்டினார். இயந்திரத்தின் பலகையில் பிலோமினாவின் முகம் செதுக்கிய தட்டு இன்னும் சூடாறாமல் கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை. சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மேசையைச் சுற்றி, மரைக்காயர் ஒதுங்கி விட்ட வழியில் நடந்து, கதவைத் திறந்து வெளியே போனார்.